சதுரங்கத்தின் வெற்றி விதியும் பழம்பெருமையின் தோல்வியும்

பழைமை போற்றற்குரியது, ஆயின், பழைமையைப் பேசுதல் மட்டும் ஒருபோதும் ஆக்கமாகாது. யாழ்ப்பாணக் குடாநாட்டு ஊர்களுள் மானிப்பாய் இவ்வுண்மையை நன்கு அறிந்திருந்தது எனலாம். தமிழ் தொன்மையான மொழி என்று கூறி அங்கு உழைத்தோர் ஓய்ந்திருக்கவில்லை. ஐம்பத்தெட்டாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட தமிழகராதி ஒன்று 1842 ஆம் ஆண்டில் அங்கிருந்த அமெரிக்க மிஷன் அச்சகத்திலே அச்சேறியது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் வைத்தியர், மானிப்பாயை நிலைக்களமாகக் கொண்டு மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். அதற்கு வேண்டிய நூல்களைத் தமிழாக்கினார். இல்லாத கலைச்சொற்களை ஆக்கினார். அவ்வூரின் பெயர் தமிழியல் வரலாற்றிலே நிலைபெற்றது முன்னோரிடமிருந்து பெற்றதனாலன்று, செய்ததனாலேயே.

இந்த அளவுகோலைக் கையிலே கொண்டு, சதுரங்கம் பற்றித் தமிழ் மேடைகளிலே நிகழும் பேச்சை நோக்குதல் வேண்டும். சதுரங்கம் என்னும் சொல் யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நான்கு உறுப்புகளையுடைய படையைக் குறிப்பது. அவ்வாட்டம் இந்திய உபகண்டத்திலே தோன்றி, பாரசீகத்தை அடைந்து, அராபியர் வழியே ஐரோப்பாவுக்குச் சென்றது என்பது ஆய்வாளருட் பெரும்பாலோர் ஏற்கும் முடிபு. 2022 இல் மாமல்லபுரத்திலே உலகச் சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றமையும், 2024 டிசெம்பரிலே சென்னை இளைஞர் குகேஷ் பதினெட்டாம் வயதில் உலகச் சம்பியனானமையும் தமிழர் மகிழத்தக்க செய்திகளே. ஆயினும், இவற்றையொட்டி எழும் பேச்சு பெரும்பாலும் ஒரே தடத்திற் செல்கின்றது. 'ஆட்டம் எம்முடையது; உலகம் எம்மிடம் பெற்றது' என்பதே அப்பேச்சின் தொடக்கமும் முடிவுமாகும். பெற்றவர்கள் அதனை என்ன செய்தார்கள் என்றோ, ஈந்தவர்கள் அதன்பின் என்ன செய்தார்கள் என்றோ வினவுவார் அரியர்.

அவ்வினாவை எழுப்புமிடத்து முதலிற் புலனாவது, இன்று உலகெங்கும் ஆடப்படும் சதுரங்கம் பண்டைய சதுரங்கமன்று என்பதே. பழைய ஆட்டத்திலே அரசனுக்கருகில் நின்ற அமைச்சன் மூலைவாட்டிலே ஒரேயொரு கட்டம் மட்டும் நகரும் வலுக்குறைந்த காய். அதனையே பலகை முழுவதையும் ஆளும் அரசியாக மாற்றியமைத்தவர்கள் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த ஐரோப்பியர். காலாள் முதல் நகர்விலே இரு கட்டம் தாண்டுவதும், அரசனும் கோட்டையும் ஒரே நகர்வில் இடம் மாறிக் 'கோட்டைகட்டுவதும்' பிற்காலத்துச் சேர்க்கைகளே. ஆகவே, இன்று 'மூல ஆட்டம்' எனப் போற்றப்படுவது தானே ஒரு திரிபு, திரிபின் திரிபு. விதியை மாற்றுதல் ஆட்டத்துக்குச் செய்யும் துரோகம் என்று கூறுவோர், மாற்றத்தின் விளைவையே மரபென மயங்குகின்றனர்.

காய்களின் நகர்வு மட்டுமன்றி, வெற்றி யாது என்னும் வரையறையும் காலந்தோறும் இடந்தோறும் மாறியே வந்துள்ளது. அராபியரின் சத்ரஞ்ச் ஆட்டத்திலே எதிரியின் ஏனைய காய்கள் யாவற்றையும் வெட்டி அரசனைத் தனியனாக்குதலும் வெற்றியாகக் கொள்ளப்பட்டது. முடக்கத்தின் வரலாறு இன்னும் வியப்புக்குரியது. முற்றுகைக்கு ஆளாகாதபோதும் நகர்வதற்கு ஒரு வழியுமின்றி ஒரு தரப்பு நிற்கும் நிலையே முடக்கம். சத்ரஞ்சிலே முடக்கியவன் வென்றான். பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளின் இங்கிலாந்திலே முடக்கியவன் தோற்றான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தும் ஏற்றுக்கொண்ட இன்றைய விதிப்படி எவனும் வெல்லான், எவனும் தோலான். பலகையிலுள்ள நிலை ஒன்றே, தீர்ப்புகளோ மூன்று. வெற்றி என்பது காய்களிலே உறைவதன்று, ஆடுவோர் தம்முள் செய்துகொண்ட உடன்பாட்டிலே உறைவது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

மரபுவாதிகளின் மறுப்பு ஒன்று மதித்து ஆராயத்தக்கது. உலகம் முழுவதற்கும் ஒரே விதி இருத்தலாலன்றோ மானிப்பாயில் ஆட்டம் பயின்ற சிறுவன் புடாபெஸ்ற்றிலே மொழியறியா ஒருவனுடன் அமர்ந்து ஆட முடிகின்றது? ஊருக்கு ஒரு விதி வகுத்தால் இப்பொதுமை சிதையாதா? இவ்வாதத்தின் முற்பகுதி முழு உண்மை. பிற்பகுதியோ பொருந்தாது. பொது இலக்கணம் ஒன்று இருத்தலினால் எவரும் புதிய யாப்பு முயலலாகாது என்பார் உளரோ? உலகச் சதுரங்கச் சம்மேளனத்தின் விதிப்புத்தகத்தை மாற்றும்படி எவரும் கேட்கவில்லை. போட்டியாடுதல் ஒரு கலை. ஆட்டம் அமைத்தல் பிறிதொரு கலை. முதலாவதனை மட்டும் பயின்று இரண்டாவதனை இழிவெனக் கருதும் சமூகம், பிறர் எழுதிய விதிக்குள்ளே திறமை காட்டுவதையே அறிவின் எல்லையெனக் கொள்ளும். கல்வியிலும் ஆட்சியிலும் இம்மனப்பான்மையின் விளைவுகளைக் காணலாம்.

இலக்கை மாற்றிய ஆட்டங்கள்

சதுரங்கத் திரிபுகள் இருவகைப்படும். காய்களையோ பலகையையோ மாற்றுதல் ஒருவகை. வெற்றி விதியை மாற்றுதல் மற்றொருவகை. முன்னையது அம்பை மாற்றுவது. பின்னையது இலக்கையே மாற்றுவது. பின்னையதே ஆழமானது. ஏனெனில், இலக்கு மாறியதும் ஒவ்வொரு காயின் மதிப்பும் உடன் மாறுகின்றது.

இதற்குச் சில எடுத்துக்காட்டுகள் போதும். தன் காய்கள் அனைத்தையும் முதலில் இழப்பவனே வெல்லும் ஆட்டம் ஒன்றுண்டு. வெட்டக்கூடிய காயைக் கட்டாயம் வெட்டவேண்டும் என்பது அதன் உயிர்விதி. வழக்கமான சதுரங்கத்திலே பெருஞ்செல்வமான அரசி, இங்கு எளிதிற் கழியாத பெருஞ்சுமையாகின்றாள். மும்முறை முற்றுகையிட்டவன் வெல்லும் ஆட்டம் வேறொன்று. அங்கே ஒரு முற்றுகைக்காகக் குதிரையைப் பலியிடுதல் ஊதாரித்தனமன்று, சிக்கனம். அயர்லாந்து எழுத்தாளரான டன்சனிப் பிரபு 1942 இல் அமைத்த ஆட்டத்திலே ஒரு தரப்பில் வழமையான படை நிற்க, மறுதரப்பில் 32 காலாட்கள் மட்டுமே நிற்கின்றனர். படையுடையவன் காலாட்கள் அனைவரையும் வெட்டினால் வெல்வான். காலாட்களுடையவன் அரசனை இறுதி முற்றுகைக்கு உள்ளாக்கினால் வெல்வான். இரு தரப்புக்கும் படையும் வேறு, வெற்றியும் வேறு. ஆங்கிலேயரான பார்ட்டன் 1961 இல் அமைத்த 'ஓடும் அரசர்' ஆட்டத்திலோ முற்றுகை முற்றாக விலக்கப்பட்டுள்ளது. எவனுடைய அரசன் எட்டாம் வரிசையை முதலில் அடைகின்றானோ அவனே வெல்வான்.

இவற்றைக் கண்டு உவந்து, வெற்றி விதியை எவ்வாறேனும் மாற்றினால் புதிய ஆட்டம் பிறந்துவிடும் என்று கருதுவோரும் உளர். இவர்கள் பழமைவாதிகளின் மறுமுனையிலே நிற்பவர்கள். தவறோ அதே அளவினது. விதியை மாற்றுதல் ஒரு மாலைப்பொழுதில் முடியும் காரியம். மாற்றிய விதி இரு தரப்புக்கும் நேர்மையானதா என்று நிறுத்துப் பார்த்தலே உண்மையான உழைப்பு. மேற்கூறிய இழப்பாட்டத்தின் கதை இதற்குத் தக்க எச்சரிக்கையாகும். பல தலைமுறைகளாக மகிழ்ந்து ஆடப்பட்ட அவ்வாட்டத்தைக் கணினி கொண்டு ஆராய்ந்த மார்க் வற்கின்ஸ், வெள்ளை தன் அரசனுக்கு முன்னுள்ள காலாளை ஒரு கட்டம் நகர்த்தித் தொடங்குமாயின், கறுப்பு எவ்வாறு ஆடினும் வெள்ளை வெல்லலாம் என்பதை 2016 இல் நிறுவினார். முதல் நகர்விலேயே தீர்ப்பு எழுதப்பட்ட ஆட்டம் அது. மனிதர் நினைவுக்கு அவ்வழி எட்டாமையினால் ஆட்டம் இன்னும் வாழ்கின்றது. எனினும், அமைப்பிலே சாய்வு இருந்தமை இருந்தமையே.

சாய்வு எங்ஙனம் உண்டாகின்றது என்பதை எளிய கணக்கொன்றால் விளக்கலாம். மானிப்பாய் மாணவன் ஒருவன், 'எட்டாம் வரிசையைத் தன் காலாளால் முதலில் அடைபவனே வெல்வான்' என்று ஒரு விதி வகுப்பதாகக் கொள்ளலாம். காலாள் இரண்டாம் வரிசையிலிருந்து ஆறு கட்டங்களைக் கடக்க வேண்டும். முதல் நகர்விலே இரண்டு கட்டம் தாண்டலாமாதலின் ஐந்து நகர்வுகள் போதும். தடை எதுவும் இல்லையெனின், வெள்ளை தன் ஐந்தாம் நகர்வை முடிக்கும்பொழுது கறுப்பு நான்கு நகர்வுகளையே முடித்திருக்கும். வெள்ளை வென்றுவிடும். எனவே கறுப்பு ஓட முடியாது, மறிக்கவே வேண்டும். இரு தரப்புக்கும் ஒரே விதி எழுதப்பட்டிருந்தும், ஒருவனுக்கு ஓட்டமும் மற்றவனுக்குக் காவலும் பணிகளாகப் பங்கிடப்பட்டுவிட்டன. சொல்லளவிலே சமத்துவம் உண்டு, பொருளளவிலே இல்லை. வழமையான சதுரங்கத்திலேயே வெள்ளை நூற்றுக்கு ஏறத்தாழ 54 அல்லது 55 புள்ளிகளைப் பெறுகின்றது. முற்றுகை தொலைவிலுள்ள இலக்காகையால் அங்கே முதல் நகர்வின் நன்மை வழியிலே கரைகின்றது. இலக்கை அருகிற் கொணருமிடத்து அந்நன்மை கரைவதற்கு இடமிராது. புது விதி வகுப்போர் பலர் இடறி விழும் குழி இதுவே.

இதற்கு மருந்தும் உண்டு, அது பழையதே. பார்ட்டனின் ஆட்டத்திலே வெள்ளை அரசன் எட்டாம் வரிசையை அடைந்தவுடன் ஆட்டம் முடிவதில்லை. அடுத்த ஒரே நகர்விலே கறுப்பு அரசனும் அங்கு அடைவானாயின் ஆட்டம் சமன். சத்ரஞ்சிலும் இதே நீதி இருந்தது. அரசனைத் தனியனாக்கியவனுடைய அரசனை எதிரி அடுத்த நகர்விலேயே தனியனாக்குவானாயின் இருவரும் சமன் எனப்பட்டனர். ஆயிரம் ஆண்டு இடைவெளியில் இரு வேறு நாட்டார் ஒரே மருந்தைக் கையாண்டுள்ளனர். பழைய ஆட்டங்களைக் கற்றல் வேண்டும் என்பது இதற்காகவே. பெருமை பேசுதற்கன்று, மருந்து எடுத்தற்கு.

திண்ணையிற் கிடக்கும் செல்வம்

வெற்றி விதியிலே புதுமை காணத் தமிழர் ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டியதும் இல்லை. கரிக்கட்டியால் கோடு கீறி, கல்லும் புளியங்கொட்டையும் வைத்து ஆடிய ஆடுபுலி ஆட்டத்தை உயர்ந்தோர் சிறுவர் விளையாட்டென ஒதுக்கினர். அமைப்புக் கலையை நோக்குமிடத்து அது சதுரங்கத்துக்கு இளைத்ததன்று. தமிழ்நாட்டிலே பெருவழக்கான வடிவத்தில் 23 புள்ளிகள், மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். புலி தாண்டி வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் ஆற்றல் இல்லை. புலி உண்டு வெல்லும். ஆடுகளோ புலிகளை நகரவொட்டாது மறித்து வெல்லும். ஐரோப்பியர் பல நூற்றாண்டுகளாக வெற்றியோ தோல்வியோ என்று முடிவுகாண முடியாது தடுமாறிய முடக்கம், இங்கே வலியற்றோரின் ஒரே வெற்றி வழியாக அமைந்துள்ளது. டன்சனிப் பிரபு 1942 இல் எட்டிய எண்ணம், அதாவது சமமற்ற படைகளுக்குச் சமமற்ற இலக்குகளை வகுத்துச் சமநிலை காணுதல், கிராமத்துத் திண்ணைகளிலே பெயரறியா மக்களால் முன்னரே செயற்படுத்தப்பட்டிருந்தது. இலங்கையிலே சிங்கள மக்களிடையே வழங்கிய இவ்வினத்து ஆட்டங்களை ஹென்றி பார்க்கர் 1909 இல் வெளியிட்ட 'பண்டைய இலங்கை' என்னும் ஆங்கில நூலிற் பதிவுசெய்துள்ளார். அவற்றுள் ஒன்றிலே ஒரு புலியை ஏழு சிறுத்தைகள் மறிக்கின்றன.

இவை எண்ணித் துணிந்த அமைப்புகளா, தற்செயலா என்று ஐயுறுவோர் நேபாளத்தின் பாக்சால் ஆட்டத்தை நோக்குக. ஆடுபுலியின் உடன்பிறப்பான அதிலே 25 புள்ளிகள், நான்கு புலிகள், இருபது ஆடுகள். ஐந்து ஆடுகளை உண்டால் புலி வெல்லும். இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் அவ்வாட்டம் வெற்றி தோல்வியின்றிச் சமநிலையிலே முடியும் என்பதைச் சிங்கப்பூரைச் சேர்ந்த லிம் யூ சின்னும், சுவிற்சர்லாந்தின் யூர்க் நீவெர்கெல்ற்றும் கணினி ஆய்வால் நிறுவினர். படையிலும் ஆற்றலிலும் இலக்கிலும் முற்றிலும் வேறுபட்ட இரு தரப்புகள், தராசிலே இட்டாற்போல நிற்கின்றன. இருபது என்னும் எண்ணும் ஐந்து என்னும் எண்ணும் எவ்விதக் கணிதப் பட்டமும் பெறாத மக்கள் ஆடி, தோற்று, திருத்தி, மீண்டும் ஆடிக் கண்ட எண்களாதல் வேண்டும். மேடையிலே புகழத்தக்க மரபு ஒன்று உண்டெனின், அது இந்தத் திருத்தும் மரபே.

அம்மரபு கைவிடப்பட்டதன் விளைவை அண்மைக்கால நிகழ்ச்சியொன்று உணர்த்துகின்றது. உலகச் சம்பியனாக விளங்கிய ரஷியர் விளாடிமிர் கிராம்னிக், கோட்டைகட்டலை நீக்கினால் சதுரங்கம் புத்துயிர் பெறும் என்று 2019 இல் முன்மொழிந்தார். அவ்விதிப்படி நிகழ்ந்த முதற் சுற்றுப்போட்டி 2020 ஜனவரியில் சென்னையிலே நடைபெற்றது. ஆட்டங்களில் நூற்றுக்கு 89 வெற்றி தோல்வியில் முடிந்தன. 2021 இல் ஜேர்மனியின் டோர்ட்முண்ட் நகரிலே விசுவநாதன் ஆனந்தும் கிராம்னிக்கும் இவ்விதிப்படி பொருத, ஆனந்த் இரண்டரைக்கு ஒன்றரை என வென்றார். இனி, இதன் உட்பொருளை நோக்குக. இந்தியாவின் பழைய உள்நாட்டு வழக்குகளிலே கோட்டைகட்டல் என்பதே இருந்ததில்லை; அரசன் ஒருமுறை குதிரைபோற் பாயலாம் என்பதே அவற்றிலே பரவலாக இருந்த சலுகை. ஆட்டம் தம்முடையது என்று முழங்கியோர் தம் வழக்கை ஆராய்ந்து உலகுக்கு முன்வைக்கவில்லை. ரஷியர் ஒருவர் தாமாகவே எண்ணி அவ்விடத்தை வந்தடைந்தார். சோதனைக்குக் களம் மட்டும் சென்னை தந்தது. பழம்பெருமையின் தோல்வி என்பது இதுவே.

நிறுத்துப் பார்க்கும் முறை

குறைகூறுதலோடு அமைதல் முறையன்று. செய்யவேண்டுவது யாதென்பதும் கூறப்படல் வேண்டும். புதிய வெற்றி விதியை வகுப்போன் முதலிலே அதன் எல்லைகளை எழுத வேண்டும். இருவரும் ஒரே வேளையில் இலக்கை அடைந்தால் யாது? ஒருவன் முடங்கினால் யாது? எவரும் அடைய முடியாத நிலை தோன்றினால் யாது? இவற்றுக்கு விடையெழுதாத விதி, சண்டைக்கு இட்ட வித்து. அடுத்து, இலக்கு மிக அண்மையதா, மிகச் சேய்மையதா என்று நோக்குதல் வேண்டும். அண்மையதாயின் முதல் நகர்த்துவோன் வெல்வான். சேய்மையதாயின் ஒவ்வோர் ஆட்டமும் சமனாகி அலுப்பூட்டும்.

மூன்றாவதாக, திருத்துங்கால் ஒருமுறைக்கு ஒன்றையே திருத்துதல் வேண்டும். பதினைந்து ஆடுகளோடு மேலும் ஓர் ஆட்டைச் சேர்த்தல் பெருந்திருத்தம். புலி வெல்வதற்கு உண்ண வேண்டிய தொகையில் ஒன்றைக் கூட்டுதலும் குறைத்தலும் நுண்திருத்தம். இரண்டையும் ஒருங்கே செய்தவன், தராசின் இரு தட்டிலும் கைவைத்தவன் ஆவான். எது சாய்த்தது என்பதை அவன் அறியான்.

நான்காவது, எண்ணிக்கை. நண்பர் இருவர் இடம் மாற்றி மாற்றி இருபது ஆட்டங்கள் ஆடி, பன்னிரண்டில் வெள்ளை வென்றது கண்டு, 'விதி வெள்ளைக்குச் சாய்வானது' என்று முடிவுகட்டுதல் பெரும் பிழை. சாய்வே இல்லாத நாணயத்தை இருபது முறை சுண்டினாலும், பன்னிரண்டோ அதற்கு மேலோ தலை விழுதல் நான்கு தடவைக்கு ஒரு தடவை நிகழக்கூடியது. நூறு ஆட்டங்களில் அறுபதோ அதற்கு மேலோ வெள்ளை வெல்லுமாயின் அது வேறு. சாய்வின்றி அவ்வாறு நிகழ்தல் முப்பத்தைந்து தடவைக்கு ஒரு தடவையே. இரண்டு விகிதங்களும் ஒன்றே. சான்றின் வலிமையோ ஒன்றன்று. சென்னைப் போட்டியின் 89 என்னும் எண்ணையும் இந்த எச்சரிக்கையுடனேயே கொள்ளல் வேண்டும். இளம் ஆட்டக்காரர் பொருதும் களத்திலே எவ்விதியாயினும் வெற்றி தோல்விகள் மிகுவது இயல்பு. டீப்மைண்ட் ஆய்வாளர் கிராம்னிக்குடன் சேர்ந்து 2020 இல் வெளியிட்ட ஆய்வு இக்காரணத்தாலேயே முக்கியமானது. முடக்கம் வெற்றியாகும் என்பது உட்பட ஒன்பது விதிமாற்றங்களை அவர்கள் எடுத்துக்கொண்டனர். மனிதர் ஆடிய ஆட்டம் எதனையும் காட்டாது, விதியை மட்டும் கொடுக்க, அல்பாசீரோ என்னும் நிரல் தன்னோடு தானே எண்ணிறந்த ஆட்டங்களை ஆடிக் கற்றது. ஆயினும், கணினிக்குச் சமனாகும் ஆட்டம் மனிதருக்குச் சமனாகாமற் போகலாம். ஆடுபுலியிலே பழகாதவன் கையிலுள்ள ஆடுகள் விரைவில் இரையாகின்றன. ஆதலின் இறுதிச் சோதனை மனிதர் கையிலேயே உள்ளது.

ஐந்தாவது, எஞ்சும் சாய்வுக்கு ஈடுகட்டுதல். கீழைத்தேயத்தவரின் கோ ஆட்டத்திலே பின்னர் நகர்த்துவோனுக்குப் புள்ளிகள் ஈடாக வழங்கப்படும். யப்பானிலே அவ்வீடு நாலரை, ஐந்தரை என உயர்ந்து 2002 இல் ஆறரையாயிற்று. தம் மரபை உயிரெனப் போற்றும் அந்நாட்டார், ஆட்டப் பதிவுகளை எண்ணிப் பார்த்து விதியைத் திருத்தத் தயங்கவில்லை. இன்னுமொரு வழி உண்டு; அது யாழ்ப்பாணத்து வீடுகள் அறியாததன்று. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒன்றை இரு பிள்ளைகளுக்குப் பங்கிட வேண்டிய தாய், ஒருவனை வெட்டவும் மற்றவனைத் தெரியவும் விடுவாள். அவ்வாறே, ஒருவன் முதல் நகர்வைச் செய்தபின் மற்றவன் தான் எத்தரப்பில் அமர்வதென்று தெரிந்துகொள்ளலாம் என்று விதித்தால், முதல் நகர்வு தானாகவே நேர்மையாகிவிடும். வெட்டுபவன் தனக்கு எத்துண்டு கிட்டும் என்று அறியாமையே நீதியின் காவல். விதியை எழுதிய தரப்பே முதற்காயையும் நகர்த்தும் ஆட்டத்தின் இயல்பை, 1972, 1978 ஆம் ஆண்டுகளின் அரசியல் யாப்புகளைக் கண்ட ஈழத்தமிழ் வாசகருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

காலமும் சொல்லும்

இவையெல்லாம் ஓய்வுள்ளோர் வேலை, பரீட்சைக்கு ஆயத்தஞ்செய்யும் மாணவனுக்கு இதற்கு நேரமேது என்ற வினா எழும். காலையிலே பாடசாலை, மாலையிலே தனியார் கல்வி நிலையம், இரவிலே கடந்தகால வினாத்தாள் என்று ஓடும் பிள்ளைக்கு நேரமில்லை என்பது மெய்யே. ஆயினும், அந்த ஓட்டமே இங்கு குற்றஞ்சாட்டப்படுகின்றது. பிறர் வகுத்த வினாவுக்குப் பிறர் எதிர்பார்க்கும் விடையை எழுதப் பழகியவன், வினாவையே மாற்றினால் என்ன நிகழும் என்று கேட்கப் பழகுவதில்லை. ஒரு பலகையும் முப்பத்திரண்டு காய்களும் ஓர் அப்பியாசக் கொப்பியும் போதும். வெற்றியை வரையறுக்குமிடத்து அளவையியலும், ஆட்டங்களை எண்ணுமிடத்து நிகழ்தகவும், ஈடுகட்டுமிடத்து நீதிநெறியும் அவன் கற்பான். இவற்றை ஒருங்கே கற்பிக்கும் பாடநூல் எளிதிற் கிட்டுவதன்று.

அவன் தன் விதியைத் தமிழிலே எழுதவும் வேண்டும். 'செக்', 'மேற்' என்ற இரு சொற்களோடு மாணவர் பலரின் சதுரங்கத் தமிழ் முடிந்துவிடுகின்றது. கிறீன் வைத்தியர் கலைச்சொல்லாக்கத்துக்கு ஒழுங்கொன்றை மேற்கொண்டார். முதலில் தமிழிலே தேடுதல். கிடையாதவிடத்து வடமொழியை நாடுதல். அங்கும் கிடையாதவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப எழுதுதல். மனிதவுடலின் எலும்பையும் நரம்பையும் நோயையும் தமிழிலே கூற வல்லதாயிருந்த ஊரிலே, அறுபத்துநான்கு கட்டங்களுள் நிகழ்வதைத் தமிழிலே எழுத முடியாதென்பது நாணத்தக்க சாட்டு. முற்றுகை, முடக்கம், மறிப்பு, ஈடு என எளிய சொற்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே உள்ளன. குறைவு சொல்லில் இல்லை, முயற்சியிலேயே உள்ளது.

ஆதலின், பல்கலைக்கழகத் தமிழ் மன்றங்களும் பாடசாலைச் சதுரங்கக் கழகங்களும் பிறப்பைப் பற்றிய பேச்சுப்போட்டிகளைச் சில ஆண்டுகள் ஒத்திவைப்பின் இழப்பு எதுவுமில்லை. அவற்றுக்குப் பதிலாக, புதிய வெற்றி விதி ஒன்றை வகுத்து, நூறு ஆட்டங்களின் பதிவோடும் திருத்தங்களின் வரலாற்றோடும் சமர்ப்பிக்குமாறு மாணவரைக் கேட்கலாம். வருபவற்றுட் பெரும்பாலானவை சாய்வுடையனவாயிருக்கும். சில ஆடவே இயலாதனவாயிருக்கும். அதனாற் கேடில்லை. ஆடுபுலியின் எண்களும் முதல் நாளிலேயே வாய்த்திருக்கமாட்டா.

சதுரங்கம் எங்கே பிறந்தது என்ற வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது. அவ்விடையை மீண்டும் மீண்டும் ஒப்புவிப்பதால் ஆட்டத்துக்கோ தமிழுக்கோ ஒரு கட்டமும் முன்னேற்றம் இல்லை. மானிப்பாயின் அகராதியைத் தொகுத்தோரும் மருத்துவ நூல்களை ஆக்கியோரும் பழைமைக்குச் செய்த மரியாதை, அதனோடு ஒன்றைச் சேர்த்தலாகவே இருந்தது. முன்னோர் விட்டுச்சென்ற பலகை முன்னே கிடக்கின்றது. அதனைப் பூசையறையில் வைப்பதோ, அதன்முன் அமர்ந்து புதிய நகர்வொன்றைச் செய்வதோ இத்தலைமுறையின் தெரிவு.